அடையாளம் வேறு, ஒப்புதல் வேறு

ஒருவர் இன்னார் என்று காட்டுவது அடையாளம். இன்ன செயலுக்கு அவர் இசைகிறார் என்று காட்டுவது ஒப்புதல். பெயர், பிறந்த நாள், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. கையொப்பம், பெருவிரல் ரேகை, வங்கி அட்டையின் இரகசிய எண், கைப்பேசிக்கு வரும் ‘டேக்’ எண் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அடையாளத் திருட்டு என்றும் கடன் அட்டை மோசடி என்றும் நாம் அஞ்சும் குற்றங்களுள் பல, இவ்விரு வகைக்கும் இடையிலுள்ள எல்லை மறக்கப்படும் இடத்தில்தான் நிகழ்கின்றன. அவ்வெல்லை யாது, அதனைக் காப்பது எவ்வாறு, அது மீறப்பட்டபின் செய்யத்தக்கது யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரஹாங் வட்டாரத்தில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பலவற்றின் வேர் நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் உள்ளது. ஆதலால் தோட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

கைநாட்டுக் காலம்

தோட்டத்தில் ஒருவரை இன்னார் என்று மெய்ப்பிக்க அட்டை தேவைப்படவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்போரைக் கங்காணி முகம் பார்த்தே அறிவார். கிராணி பெயர் சொல்லி அழைத்துச் செக்ரோலில் குறித்துக்கொள்வார். ஒருவருடைய கூலியை மற்றொருவர் அவர் பெயர் சொல்லி வாங்கிச் செல்ல இயலாது. சம்பள மேசைக்கு முன்னும் பின்னும் நிற்போர் அனைவரும் அவரை அறிந்தவர்களே. அடையாளம் என்பது அங்கே ஊரார் நினைவில் இருந்தது.

ஒப்புதல் மட்டும் தாளில் இருந்தது. எழுத்தறியாதோர் பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தனர். கைநாட்டில் ஒரு நுட்பமான குறைபாடு உண்டு. ரேகை பொய்யாகாது, அதனை வைத்தவர் அவரே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தத் தாளில் எழுதப்பட்டிருந்தது இன்னது என்பதை அவர் அறியார். படித்துச் சொன்னவரின் நேர்மையே அவருக்கு அரணாக இருந்தது. படித்துச் சொன்னவர் பொய் சொல்லியிருந்தால், மெய்யான ரேகையே பொய்யான கடனுக்குச் சான்றாகிவிடும். இக்குறைபாட்டை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்றைய மோசடிகளுள் பெரும்பகுதி இதன் மறுவடிவமே.

மலாயாவில் அடையாள அட்டை 1948-ஆம் ஆண்டில், அவசரகாலத்தின்போது நடைமுறைக்கு வந்தது. 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டையைப் பெற வேண்டியதாயிற்று. காட்டிலிருந்து வந்த கொரில்லாக்கள் தோட்டத் தொழிலாளரின் அட்டைகளைப் பறித்து அழித்ததும் உண்டு. அட்டையில்லாதவர் ஐயத்துக்குரியவர் என்னும் நிலை அக்காலத்திலேயே தோன்றிவிட்டது. 1990-இல் 12 இலக்க எண் அறிமுகமானது. 2001-இல் சில்லுப் பொருத்திய மைகார்டு வந்தது. ஊரார் நினைவில் இருந்த அடையாளம், இவ்வாறு படிப்படியாக ஓர் எண்ணுக்குள் குடிபுகுந்தது.

எண் இரகசியமன்று

அந்த 12 இலக்கங்களைச் சற்றே ஆராய்வோம். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தைக் குறிப்பன. நெகிரி செம்பிலானுக்கு வழங்கும் குறியீடு 05. இறுதி நான்கு இலக்கங்களுள் கடைசி எண் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். 2008-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் சிரம்பானில் பிறந்த ஒரு மாணவரின் எண் 080314-05 என்று தொடங்கும். அவர் பிறந்தநாள் வாழ்த்தை முகநூலில் கண்ட எவரும் பன்னிரண்டில் எட்டு இலக்கங்களை ஊகித்துவிடலாம்.

எஞ்சிய நான்கு இலக்கங்களும் இன்று மறைவாக இல்லை. 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், மலேசியக் கைப்பேசிச் சந்தாதாரர்களின் 4 கோடியே 62 இலட்சம் பதிவுகள் கசிந்து விற்பனைக்கு வந்திருந்ததை லோயாட் நெட் என்னும் இணையத் தளம் வெளிப்படுத்தியது. அவற்றுள் பெயரும், அடையாள அட்டை எண்ணும், முகவரியும், கைப்பேசி எண்ணும் இருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம். மக்கள்தொகையை விடப் பதிவுகளின் தொகை மிகுதி. ஒருவர் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் இருந்ததே அதற்குக் காரணம். நம்முள் எவர் எண் அதில் இருந்தது, எவர் எண் இல்லை என்று தேடுவதில் பயனில்லை. நம் அனைவருடைய எண்ணும் பிறரிடம் உண்டு என்று கொண்டு நடப்பதே அறிவுடைமை.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றே. அடையாள அட்டை எண் நமக்கு ஒரு பெயர், அது சாவியன்று. பெயரை அறிந்த ஒருவருக்கு வீட்டைத் திறந்துவிடுவார் இல்லை. அதுபோல், நம் எண்ணையும் முகவரியையும் பிழையின்றி ஒப்பிக்கும் ஒருவரை, அதனாலேயே வங்கி அதிகாரி என்றோ காவல் அதிகாரி என்றோ ஏற்றுக்கொள்வதற்கு இடமில்லை.

தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தரவு கசிந்தால் அதனை வைத்திருந்த நிறுவனம் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். அபராதத்தின் உச்சவரம்பும் 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் சட்டம் இனி நிகழவிருப்பதைத் தடுக்கலாமேயன்றி, முன்னரே வெளியேறிய எண்களைத் திரும்பக் கொணர இயலாது.

கடன் அட்டை கற்பிக்கும் பாடம்

அடையாளத்துக்கும் ஒப்புதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடன் அட்டையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அட்டையின் முகப்பில் பெரும்பாலும் 16 இலக்கங்கள் உள்ளன. தொடக்க இலக்கங்கள் அட்டையை வழங்கிய வங்கியைக் குறிக்கும். இறுதி இலக்கம் ஒரு சரிபார்ப்பு எண். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்து, 1960-இல் காப்புரிமை பெற்ற எளிய கணக்கு அது. வலப்புறத்திலிருந்து இரண்டாம் இலக்கம், நான்காம் இலக்கம் என ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது 9-ஐ விஞ்சினால் 9-ஐக் கழிக்க வேண்டும். பின் எல்லா இலக்கங்களையும் கூட்டினால் வரும் தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். தட்டச்சில் நேரும் பிழையைக் கண்டுபிடிப்பதற்கே இக்கணக்கு ஏற்பட்டது. மறைப்பதற்காக ஏற்பட்டதன்று. அட்டை எண்ணும் ஒரு பெயரே என்பதற்கு இதுவே சான்று.

முற்காலத்து அட்டைகளின் பின்புறத்தில் காந்தப் பட்டை மட்டும் இருந்தது. அப்பட்டை ஒவ்வொரு முறையும் ஒரே தகவலையே சொல்லும். கடைக்காரர் ஒருவர் மேசைக்கு அடியில் வேறொரு கருவியில் அட்டையை ஒருமுறை இழுத்துவிட்டால், அத்தகவல் முழுவதும் படியெடுக்கப்பட்டுவிடும். அதனைக் கொண்டு போலி அட்டை செய்தனர். 2005-ஆம் ஆண்டளவில் மலேசிய வங்கிகள் சில்லுப் பொருத்திய கடன் அட்டைகளுக்கு மாறின. சில்லு ஒவ்வொரு கொள்முதலுக்கும் புதிய குறியீடு ஒன்றை உருவாக்கும். நேற்றைய குறியீட்டைப் படியெடுத்தவருக்கு அது இன்று பயன்படாது. எனினும் அட்டையே களவு போனால் பொய்க் கையொப்பம் இட முடிந்தது. 2017-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல், கடைகளில் கையொப்பத்துக்கு மாற்றாக ஆறு இலக்க இரகசிய எண் நடைமுறையானது.

இவ்வாறு கடையின் வாயில் அடைபட்டதும் மோசடி இணையத்துக்கு இடம் பெயர்ந்தது. இணையத்தில் அட்டையைக் காட்ட வேண்டியதில்லை. முகப்பிலுள்ள எண், காலாவதி நாள், பின்புறத்திலுள்ள மூன்று இலக்கம் ஆகியவையே போதும். இவை மூன்றும் அட்டையின் மேலேயே அச்சிடப்பட்டவை. ஒருமுறை கண்டவர் குறித்துக்கொள்ளலாம். ஆகவே வங்கிகள் கைப்பேசிக்கு ஒருமுறை மட்டுமே பயன்படும் டேக் எண்ணை அனுப்பலாயின. குறுஞ்செய்தியும் களவாடப்படுவதைக் கண்ட பேங்க் நெகாரா, 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு மேலும் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு வங்கிகளைப் பணித்தது. ஒரு கணக்குக்கு ஒரே ஒரு கைப்பேசி, புதிதாகப் பதிவு செய்யும்போது ஒரு காத்திருப்புக் காலம், மோசடி முறையீட்டுக்கெனத் தனித் தொலைபேசி எண் ஆகியவையும் அன்று அறிவிக்கப்பட்ட ஏற்பாடுகளே. இன்று பல வங்கிகளின் செயலியில், ஒப்புதல் தருவதற்குத் திரையில் ஒரு பொத்தானை அழுத்துகிறோம்.

காந்தப் பட்டை, சில்லு, இரகசிய எண், டேக், திரைப் பொத்தான் என்னும் இவ்வரிசையில் ஒவ்வொரு படியும் அடையாளத்திலிருந்து ஒப்புதலைப் பிரிக்கும் முயற்சியே. அம்முயற்சி முதிர முதிர, மோசக்காரனுக்கு எஞ்சிய வழி ஒன்றுதான்: ஒப்புதலை உரியவர் கையாலேயே தரச் செய்வது. தாளில் எழுதியிருப்பதை அறியாமல் வைத்த கைநாட்டு இங்கே மீண்டும் வருகிறது. டேக் எண் இன்றைய கைநாட்டு. எண் உண்மையானது, அதனைச் சொன்னவரும் உரியவரே. அந்த எண் எதற்கு ஒப்புதல் என்பதை மட்டும் அவர் அறியார்.

அச்சத்தையே கருவியாக்குதல்

அடையாளத் திருட்டைப் பற்றிய அச்சமே அடையாளத் திருட்டுக்குக் கருவியாவது வியப்புக்குரியது. மக்காவ் மோசடி என்று நம் நாட்டில் பெயர் பெற்ற தொலைபேசி ஏமாற்று இவ்வழியில்தான் இயங்குகிறது. அழைப்பவர் தம்மை ஒரு வங்கியின் அதிகாரி, வருமான வரி வாரியத்தினர், நீதிமன்ற ஊழியர் என்று கூறிக்கொள்வார். “உங்கள் அடையாள அட்டையைப் பயன்படுத்தி வேறு மாநிலத்தில் ஒருவர் கடன் வாங்கியிருக்கிறார்” என்பார். நம் பெயரையும் எண்ணையும் முகவரியையும் சொல்லி நம்ப வைப்பார். அடுத்து அழைப்பு ஒரு ‘காவல் அதிகாரிக்கு’ மாற்றப்படும். அவர் கைது ஆணை இருப்பதாக அச்சுறுத்துவார். வழக்கு முடியும் வரை எவரிடமும் பேசலாகாது என்பார். பணத்தைப் ‘பாதுகாப்பான கணக்குக்கு’ மாற்றுமாறோ டேக் எண்ணைச் சொல்லுமாறோ பணிப்பார்.

இதில் மூன்று அடையாளங்கள் உள்ளன. அச்சம் முதலாவது, அவசரம் இரண்டாவது, தனிமைப்படுத்தல் மூன்றாவது. இம்மூன்றனுள் தனிமைப்படுத்தலே கொடிது. உண்மையான காவல் அதிகாரி எவரும், குடும்பத்தாரிடம் பேசாதே என்று தொலைபேசியில் கூறிப் பணத்தை மாற்றச் சொல்வதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்பதால் இழப்பு ஏதும் இல்லை. நம்மை அழைத்தவர் தந்த எண்ணுக்கு மட்டும் அழைத்தலாகாது.

மற்றொரு வழி, உறவின் பெயரால் வருவது. புலனத்தில் ஒரு திருமண அழைப்பிதழ் வரும். திறந்தால் ‘ஏபிகே’ என்று முடியும் ஒரு கோப்பு. அது அழைப்பிதழ் அன்று, செயலி. கைப்பேசியில் நிறுவப்பட்டதும் வரும் குறுஞ்செய்திகளைப் படித்து வெளியே அனுப்பிவிடும். அழைப்பிதழ் என்றால் மறுக்காமல் ஏற்பது நம் பண்பு. அப்பண்பைப் பயன்படுத்திக்கொள்வதே இம்மோசடியின் தந்திரம். அழைப்பிதழ் படமாக வரலாம். நிறுவ வேண்டிய செயலியாக வருவதற்கு எக்காரணமும் இல்லை.

அட்டையை அடகு வைத்தல்

தோட்டப் பின்னணி கொண்ட குடும்பங்களில் நாம் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒரு வழக்கம் உண்டு. அவசரத் தேவைக்கு உரிமமில்லாத வட்டிக்காரரிடம் கடன் வாங்குவோர், ஏ.டி.எம். அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் அவரிடமே கொடுத்துவிடுகின்றனர். சம்பள நாளில் வட்டிக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் தருகிறார். கடன் வாங்கியவருக்கு இது நகையை அடகு வைப்பது போலத் தோன்றுகிறது. நகையை அடகு வைத்தவர் நகையை மட்டுமே இழக்கக்கூடும். அட்டையையும் எண்ணையும் கொடுத்தவரோ, தம் பெயரில் பிறர் செயலாற்றும் உரிமையையே கொடுத்துவிடுகிறார். அக்கணக்கில் அவர் அறியாத பணம் வந்து, அவர் அறியாமலே வெளியேறலாம். ஏமாற்றப்பட்டவர் புகார் செய்தால், காவல் துறை தேடி வருவது கணக்குக்கு உரியவரையே.

இளைஞர்களுக்கு இதே வலை வேறு உருவில் விரிக்கப்படுகிறது. எஸ்.பி.எம். தேர்வு முடிந்து வேலை தேடும் காலத்தில், “வங்கிக் கணக்கைத் திறந்து அட்டையைக் கொடுத்தால் பணம் தருகிறோம்” என்னும் அழைப்பு ஒரு நண்பன் வழியாகவே வரக்கூடும். திருடிய பணத்தைக் கைமாற்றிக் கடத்துவதற்கு மோசடிக் கும்பலுக்குப் பல கணக்குகள் தேவை. அவற்றைக் கழுதைக் கணக்கு என்பர். பொதி சுமப்பது கழுதை, பொருள் பிறருடையது. 2024-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சட்டப்படியான காரணமின்றித் தம் கணக்கையோ அட்டையையோ பிறரிடம் ஒப்படைப்பதும் குற்றம். பிறருடையதைத் தம் வசம் வைத்திருப்பதும் குற்றம். “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்பும் வழி குறுகிவிட்டது. 18 வயதில் ஏற்படும் குற்றப்பதிவு, அரசு வேலைக்கும் உயர்கல்விக்கும் தடையாக நிற்கக்கூடும் என்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பது நம் கடமை.

முன்கூட்டிக் காத்தல்

மேற்கூறியவற்றிலிருந்து காப்பு வழிகளை வகுத்துக்கொள்வது எளிது. அடையாளத்தைக் காப்பதில் அளவான கவனமும், ஒப்புதலைக் காப்பதில் முழுக் கவனமும் வேண்டும்.

அடையாள அட்டையின் நகலை எவருக்கேனும் தர நேர்ந்தால், அதன்மீது குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து, இன்னாருக்கு, இன்ன நோக்கத்துக்கு, இன்ன நாளில் தரப்பட்டது என்று எழுத வேண்டும். எழுத்து எண்ணை மறைக்காமலும், அதே வேளையில் படத்தின் மீது சற்றே படியுமாறும் இருத்தல் நன்று. வேறு நோக்கத்துக்கு அந்நகல் பயன்படாது. அட்டையையே எவரிடமும் விட்டுச் செல்லலாகாது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் சாரா உதவியாக 100 ரிங்கிட் மைகார்டு வழியாகவே வழங்கப்பட்டது. அடையாள அட்டை பணப்பையுமாகிவிட்டதை இது காட்டுகிறது.

இரகசிய எண்ணை அட்டையின் மீதோ, அட்டை வைக்கும் பையிலோ எழுதி வைக்கலாகாது. பிறந்த ஆண்டையும் அடையாள அட்டை எண்ணின் பகுதியையும் இரகசிய எண்ணாக அமைக்கலாகாது. அவை இரகசியமல்ல என்று மேலே கண்டோம். தொட்டுச் செலுத்தும் முறையில், பொதுவாக 250 ரிங்கிட் வரையிலான கொள்முதலுக்கு இரகசிய எண் கேட்கப்படுவதில்லை. அவ்வசதி தேவையில்லாதோர் அதனை நிறுத்தி வைக்குமாறு வங்கியிடம் கோரலாம். வெளிநாட்டுக் கொள்முதலையும் இணையக் கொள்முதலையும் அவ்வாறே கட்டுப்படுத்திக்கொள்ளலாம்.

அறியாத ஒருவருக்குப் பணம் அனுப்புமுன், அவருடைய கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ ‘செமாக் மியூல்’ என்னும் காவல் துறைத் தளத்தில் இட்டுப் பார்க்கலாம். வாணிபக் குற்றப் புலனாய்வுத் துறை நடத்தும் தளம் அது. அந்த எண் பற்றி முன்னரே புகார்கள் வந்திருப்பின் தெரியவரும். புகார் இல்லை என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. கணக்கு புதிதாக இருக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிசிரிஸ் அறிக்கையைப் பெற்றுப் பார்ப்பது மிகவும் பயன் தரும். பேங்க் நெகாராவின் நடுவண் கடன் தகவல் தொகுப்பு அது. ஒருவர் பெயரில் வங்கிகளில் உள்ள கடன்கள் அனைத்தும் அதில் இடம்பெறும். தனிமனிதர் தம் அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். தாம் வாங்காத கடன் தம் பெயரில் இருப்பதை அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வழியில்லை.

களவு நேர்ந்தபின்

எவ்வளவு கவனமாக இருப்பினும் களவு நேரக்கூடும். அப்போது நேரமே பொருள். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாற்றப்பட்டு இறுதியில் ரொக்கமாகிவிடும். அது இன்னும் வழியில் இருக்கும்போதே தடுத்தால்தான் மீட்க இயலும்.

முதலாவது, வங்கியின் எண்ணை அழைத்து அட்டையையும் இணையக் கணக்கையும் முடக்கச் சொல்ல வேண்டும். வங்கிச் செயலிகளில் உரியவரே கணக்கை உடனடியாக முடக்கும் பொத்தானும் உண்டு. அழைத்த நேரத்தையும், பேசிய அலுவலரின் பெயரையும், முறையீட்டு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் எழும் வழக்கில் இக்குறிப்பே முதன்மைச் சான்று.

இரண்டாவது, பணம் வெளியேறியிருந்தால் 997 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. காவல் துறை, பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், தேசிய நிதிக் குற்றத் தடுப்பு மையம் ஆகியவை வங்கிகளோடும் தொலைத்தொடர்பு நிறுவனங்களோடும் அங்கே இணைந்து செயற்படுகின்றன. பணம் சென்ற வழியைத் தொடர்ந்து கணக்குகளை முடக்க முயல்வது அதன் பணி.

மூன்றாவது, அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்து அதன் படியைப் பெற வேண்டும். வந்த குறுஞ்செய்திகளையும் உரையாடல்களையும் அழிக்கலாகாது. அவை அவமானத்தின் சின்னங்கள் என்று கருதிப் பலர் அழித்துவிடுகின்றனர்; அவையே சான்றுகள்.

நான்காவது, வங்கிக்கு எழுத்து வழி மறுப்பு தெரிவிக்க வேண்டும். கடன் அட்டை தொலைந்தோ திருடப்பட்டோ ஒப்புதலின்றிப் பயன்படுத்தப்பட்டால், உரியவர் ஏற்க வேண்டிய இழப்புக்குப் பேங்க் நெகாரா விதித்துள்ள உச்சவரம்பு 250 ரிங்கிட். அவர் மோசடியில் பங்கு கொள்ளாதவராகவும், இழப்பை அறிந்தவுடன் காலம் தாழ்த்தாமல் தெரிவித்தவராகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரகசிய எண்ணைத் தாமே வெளியிட்டவருக்கு இக்காப்பு முழுமையாகக் கிட்டாது. ஒப்புதலைக் காப்பது ஏன் முதன்மை என்பதற்குச் சட்டமே தரும் விளக்கம் இது. வங்கியின் முடிவு ஏற்கத்தக்கதன்று எனில், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தை நடுவர் சேவையை ஆறு மாதங்களுக்குள் அணுகலாம். முறையிடுவோரிடம் கட்டணம் பெறப்படுவதில்லை.

ஐந்தாவது, அடையாள அட்டையும் தொலைந்திருந்தால் தேசியப் பதிவிலாகாவில் உடனே தெரிவித்துப் புதிய அட்டை பெற வேண்டும். பிறர் அட்டையைப் பயன்படுத்துவோருக்கு 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நம் பெயரில் கைப்பேசி இணைப்புகள் ஏதும் பதிவாகியுள்ளனவா என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்டறிவதும் வேண்டும். சில மாதங்கள் கழித்துச் சிசிரிஸ் அறிக்கையை மீண்டும் பார்க்க வேண்டும்.

படித்துச் சொல்பவரின் பொறுப்பு

இவ்வழிகள் அனைத்தையும் பயனற்றதாக்கும் தடை ஒன்று உண்டு. அது நாணம். ஏமாந்தவர் வீட்டாரிடம் சொல்லக் கூசி ஒரு நாள் காத்திருக்கிறார். அந்த ஒரு நாளில் பணம் ரொக்கமாகிவிடுகிறது. “இவ்வளவு படித்தும் ஏமாந்தாயா” என்னும் ஏச்சு, மோசக்காரன் சொன்ன “எவரிடமும் பேசாதே” என்னும் சொல்லுக்குத் துணை போகிறது. ஏமாற்றியவன் குற்றவாளி, ஏமாந்தவர் அல்லர். வீட்டில் இதனை முன்னரே சொல்லி வைத்திருந்தால், நேரும் நாளில் பெரியவர்கள் உடனே வாய் திறப்பர்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வங்கியின் எச்சரிக்கைகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ வருகின்றன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கும், எதுவுமே படிக்கத் தெரியாத தாத்தாவுக்கும் அவற்றைப் படித்துச் சொல்வோர் வீட்டிலுள்ள மாணவர்களே. அன்று கிராணி இருந்த இடத்தில் இன்று மாணவர் இருக்கிறார். ஒருமுறை எண்ணை மட்டும் உரக்கப் படித்துவிட்டு, அதன் மேலேயுள்ள “இன்ன கடைக்கு, இன்ன தொகை, எவரிடமும் சொல்லாதீர்” என்னும் வரியை விட்டுவிட்டால், பழைய கைநாட்டுப் பிழை நம் கையாலேயே மீண்டும் நிகழ்ந்துவிடும். தொகையையும் பெறுநரையும் முதலில் படித்துச் சொல்லி, “இதனை நீங்கள்தான் வாங்குகிறீர்களா?” என்று கேட்டபின்னரே எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாகவே அமைக்கலாம். வங்கிச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் அடையாளம் எது, ஒப்புதல் எது என்று மாணவரைப் பிரிக்கச் சொல்லலாம். பின் அச்செய்தியைப் பாட்டிக்குப் புரியும் தமிழில் இரண்டே வாக்கியங்களில் எழுதச் சொல்லலாம். அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் தெளிவானதை 997 என்னும் எண்ணோடு சேர்த்துப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கோயில் மண்டபத்திலும் ஒட்டி வைத்தால், தமிழ் மட்டுமே அறிந்த பெரியவர்களும் அதனைத் தாமே படித்துக்கொள்வர்.